1246-க்கும் 1247-க்கும் நடுவில்

பஸ் கம்பெனி என்றால் டயர், டீசல், டிரைவர் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உண்மையில் பஸ்ஸை ஓட்டுவது ஒரு லிஸ்ட். ஜொகூரில் இருக்கிற பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் ஒரு சின்ன கம்பெனியில் அந்த லிஸ்ட்டைப் போடுகிறவள் நான். பள்ளிக் கடைசிப் பரீட்சை SPM எழுதி முடித்தேன், மேற்கொண்டு ஃபார்ம் சிக்ஸ் படிப்பு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன், இந்த மேசைக்கு வந்து நாலு மாசம் ஆகிறது. உங்கள் ஆபீசிலும் யாரும் குறை சொல்லக் கூடாத, யாருக்கும் சரியாக ஓட்டத் தெரியாத ஒரு பழைய மெஷின் இருக்கிறதா? அப்படியானால் நாம் சொந்தக்காரர்கள். உட்காருங்கள், சொல்கிறேன்.

பெட்டி

முதல் நாள் முதலாளி ராஜு அங்கிள் ஒரு பூப்போட்ட துணியை விலக்கிக் காட்டினார். உள்ளே தடித்த கீபோர்ட் ஒன்று. "கம்ப்யூட்டர் எங்க அங்கிள்?" என்றேன். அதுதான் கம்ப்யூட்டராம். கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடக்கம். திரைக்கு ஒரு பழைய டிவி, சேமித்து வைக்க கேசட். கேசட்டைப் போட்டால் பூனைச் சண்டை மாதிரி ஒரு சத்தம் வரும், ஒரு தே தாரிக் குடித்து முடிக்கிற நேரம் ஆகும், அதற்கப்புறம்தான் புரோகிராம் எழுந்திருக்கும்.

அங்கிள் இளைஞராக இருந்தபோது பேசிக் மொழியில் தானே எழுதிய புரோகிராம் அது. தொழிற்சாலை கேட்டில் ஆட்கள் இருக்க வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எந்த ஸ்டாப்பில் எத்தனை மணிக்குப் பஸ் நிற்க வேண்டும் என்று டிரைவர்களுக்குச் சிலிப் அடித்துக் கொடுக்கும். வேறு எதுவும் செய்யத் தெரியாது. ஆனால் அதை ஒரு நாள்கூடத் தவறாமல் செய்யும். எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"லேப்டாப்புல ஒரு மணி நேரத்துல முடிச்சிருவேன் அங்கிள்" என்றேன். போன வருஷம் ஆபீஸ் லேப்டாப் வைரஸ் பிடித்துப் படுத்த கதையை அவர் ஆரம்பத்திலிருந்து சொன்னார். பிறகு பெட்டியை மாட்டைத் தட்டுகிற மாதிரி தட்டிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு எந்த வைரஸ்மா வரும்? வைரஸ் எழுதுறவன் பொறக்கறதுக்கு முன்னாடியே இது வேலைக்கு வந்துருச்சு லா."

பத்து பத்தாக

பேசிக்கில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நம்பர் கொடுக்க வேண்டும். மெஷின் அந்த நம்பர் வரிசையில்தான் படிக்கும். 1, 2, 3 என்று எழுதினால் பின்னால் நடுவில் எதையும் செருக முடியாது. அதனால் 10, 20, 30 என்று இடம் விட்டு எழுதுவது வழக்கம். அங்கிளும் அப்படித்தான் எழுதினார். ஆயிரத்திலிருந்து ஒரு வரிக்கு ஒரு ஸ்டாப்: 1000, 1010, 1020. தேடுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அதே நம்பரை வரிக்குள்ளும் ஸ்டாப் நம்பராக எழுதிவைத்தார். சிலிப்பில் அதுதான் அச்சாகும். அதோடு விட்டாரா? மஞ்சள் பெயிண்ட் வாங்கி ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இரும்பு போஸ்ட் நட்டு அதே நம்பரை எழுதிவிட்டார்.

இப்போது எங்கள் ஆட்கள் யாரும் ஸ்டாப்புக்குப் பேர் சொல்வதில்லை. "நான் 1130, நீ எத்தனை?" என்று பேச ஆரம்பித்து 1130-க்கும் 1180-க்கும் கல்யாணமே நடந்திருக்கிறது. வாட்ஸ்அப் குழுவுக்கும் அந்த நம்பர்தான் பேர். நாலு இலக்கம் ஆயிற்றே, நாலு நம்பர் லாட்டரி கடையிலும் அவரவர் ஸ்டாப்பைத்தான் எழுதுகிறார்கள்.

மூத்த டிரைவர் மணியம் அண்ணனிடம், "சிலிப்புல ஸ்டாப்போட பேரும் போட்டிருக்கே, அதைப் பார்க்க மாட்டீங்களாண்ணே?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பாவப்பட்ட ஜென்மத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "பேரு மாறிக்கிட்டே இருக்கும் தங்கச்சி. இன்னிக்கு தாமான்னு சொல்லுவான், நாளைக்கு ரெசிடென்சின்னு சொல்லுவான். நம்பர் ஒண்ணுதான் நம்மள ஏமாத்தாது."

விமலா அக்காவின் ரோடு

சமையல் எண்ணெய் டின்னில் அடைக்கிற தொழிற்சாலையில் விமலா அக்காவுக்குக் காலை ஷிப்ட். புதிதாகக் கட்டிய அபார்ட்மெண்ட்டுக்கு மாறி வந்தவர். ஐந்து மாசக் கர்ப்பம். அவர் வீட்டுக்காரருக்கு சிங்கப்பூரில் வேலை. நாலரை மணிக்கே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எல்லைக்குப் போய்விடுவார், இறக்கிவிட முடியாது. பஸ் அக்காவின் வாசலைத் தாண்டிப் போய், யூ டர்ன் அடித்து, எதிர்ப்பக்கத்தில் இருக்கிற 1247-இல் நிற்கும். அக்கா அந்த ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஓடுகிற ரோடு. பாலமும் இல்லை, சிக்னலும் இல்லை. வாசலில் கை காட்டினால் பஸ் நிற்காது. சிலிப்பில் இல்லாத இடத்தில் நிற்கக் கூடாது என்பது அங்கிளின் சட்டம். டிரைவர்கள் நாசி லெமாக் கடைக்குக் கடை நிறுத்திச் சாப்பிட்ட காலத்தில் போட்ட சட்டமாம்.

வாசலில் ஒரு ஸ்டாப் போட்டால் முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அந்தப் பக்கம் தாமான் மேல் தாமானாகக் குடியிருப்புகளைக் கட்டிக் கட்டி, 1240-க்கும் 1250-க்கும் நடுவில் விட்டிருந்த ஒன்பது நம்பரும் தீர்ந்துவிட்டன. அக்காவின் வாசல் சரியாக 1246-க்கும் 1247-க்கும் நடுவில். அரை நம்பர் கொடுத்துப் பார்ப்போம் என்று 1246.5 அடித்தேன். மெஷின் அதை 1246 என்றே எடுத்துக்கொண்டு ஏற்கெனவே இருந்த 1246-ஐ முழுங்கிவிட்டது. அதைத் திரும்ப டைப் செய்தேன். புள்ளி வைத்தது நான்தான், வேறு யாரைத் திட்டுவது?

மாசக் கடைசிக்குள் வாசலில் பஸ் நிற்கவில்லை என்றால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். அக்காவுக்கு விட மனசில்லை. ஆறு வருஷம் நின்று, இப்போதுதான் லைன் லீடர் ஆக்குகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆபீசுக்கு நேரில் வந்து என் மேசையில் ஒரு பை மரவள்ளிக் குக்கீஸ் வைத்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, ரோடு இருக்கு, பஸ் இருக்கு, டிரைவர் இருக்காரு, நானும் இருக்கேன். நம்பர்தான் இல்லையா?"

1244

இந்த மெஷினில் ஒரு நம்பரை மட்டும் அடித்து ரிட்டர்ன் தட்டினால் அந்த வரி அழிந்துவிடும். உறுதியா என்றுகூடக் கேட்காது. தொழிற்சாலை கொடுத்த பெயர்ப் பட்டியலில் 1244-இல் ஏறுகிறவர் யாருமே இல்லை. ஆஹா, ஒரு நம்பர் மிச்சம்! 1244, ரிட்டர்ன். போயே போச்சு. அடுத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினால் அக்காவுக்கு இடம் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் சாயங்காலம் ஒரு பாக்சிக், வயதான மலாய்க்காரர், ஆபீஸ் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். தொழிற்சாலைக் காவலாளி. அவருக்குச் சம்பளம் கொடுப்பது வேறு கம்பெனி, அதனால்தான் பட்டியலில் பேர் இல்லை. 1244-இல் ஏறுகிற ஒரே ஆள். பஸ் அவர் முன்னாலேயே பறந்து போனதைப் பார்த்துவிட்டு, சைக்கிளிலேயே வேலைக்குப் போய், வேலை முடிந்து இங்கே வந்திருக்கிறார். கோபமே படவில்லை. மெல்ல மலாயில் கேட்டார்: "மகளே, காணாமப் போனது ஸ்டாப்பா, நானா?"

பேப்பர் போன தூரம்

நான் 1244-ஐத் திரும்ப எழுதிய பிறகு அங்கிள் கையைப் பிசைந்துகொண்டு, "சரி, எல்லாத்தையும் திரும்ப பத்து பத்தா மாத்து" என்றார். சில மெஷின்களில் ஒரே ஒரு கட்டளை அடித்தால் அதுவே எல்லா வரிக்கும் புது நம்பர் போட்டுவிடுமாம். எங்கள் பெட்டியில் அதை அடித்தால் பிழை என்று பதில் வரும். ஆகவே, முழு புரோகிராமையும் அச்சடித்து, சிவப்புப் பேனாவால் பக்கத்தில் புது நம்பர் எழுதி, ஒவ்வொரு வரியாகக் கையால் டைப் செய்ய வேண்டும். பள்ளிக்கூடத்தில் வரி எழுதச் சொல்லித் தண்டனை கொடுப்பார்களே, அதே வேலை. இதற்குச் சம்பளம் உண்டு என்பதுதான் வித்தியாசம்.

அதிலும் ஒரு கண்ணி இருந்தது. புரோகிராமுக்குள் GOTO 300 என்று இருந்தால், 300-ஆம் வரிக்குப் போ என்று அர்த்தம். 300-க்குப் புது நம்பர் கொடுத்தால் அதைச் சொல்கிற எல்லா GOTO-வையும் தேடி மாற்ற வேண்டும். நான் எல்லாவற்றையும் மாற்றினேன், ஒன்றைத் தவிர. ஓடவிட்டுவிட்டுக் கறி பஃப் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் பிரின்டர் ஒரே ஸ்டாப்பை விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் ஓட்டை போட்ட அந்த நீளப் பேப்பர் மேசையிலிருந்து இறங்கி, வாசலைத் தாண்டி, பக்கத்து டயர் கடைக்காரர் காலடி வரை போயிருந்தது. அங்கிள் அதைச் சுருட்டிக்கொண்டே வந்து என்னிடம் கொடுத்தார். "ஒரே ஸ்டாப்புல இத்தனை தடவ நின்னா, பஸ்ஸு பென்ஷன் வாங்கிட்டுத்தான்மா கேட்டுக்குப் போகும்."

ஆளில்லாத ஸ்டாப்புகள்

கடைசியில் முடித்தேன். பெருமையாகச் சொல்கிறேன், ஒரு பிழையும் இல்லை. 1241 இனி 1250, 1246 இனி 1300, அக்காவின் புது ஸ்டாப் 1310, 1247 இனி 1320. வரி நம்பரும் வரிக்குள் இருக்கிற ஸ்டாப் நம்பரும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது அங்கிளின் வழக்கம், அதையும் காப்பாற்றினேன். எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் செய்தி அனுப்பினேன். டிரைவர்கள் அறையில் 'நம்பர் மாறிவிட்டது, பேரைப் பார்த்து நிறுத்தவும்' என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். நாளைக்குக் காலையில் வாசலிலேயே நில்லுங்கள், ரோட்டைத் தாண்ட வேண்டாம் என்று விமலா அக்காவுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன்.

மணியம் அண்ணன் 1240-இல் ஆள் ஏற்றினார். அடுத்து சிலிப்பில் 1250. அவர் முப்பது வருஷமாக அறிந்த 1250-க்கு, அங்கே ஆட்கள் வருவதற்கு முன்னாலேயே போனார். அடுத்து 1260, அதற்கும் அப்படியே. நடுவில் ஒன்பது ஸ்டாப் ஆட்கள் அப்படியே நின்றார்கள். விமலா அக்கா, நான் சொன்ன பேச்சைக் கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் ஏழு மணி வரை நின்றுவிட்டு மாடி ஏறிப் போய்விட்டார். அவருக்கு ஒரு நாள் வேலை போச்சு, லைன் லீடர் பேச்சும் ஒரு வாரம் தள்ளிப் போச்சு. அலமாக், பேரைப் படிக்கச் சொல்லி ஒட்டியிருந்தேனே என்று மணியம் அண்ணனிடம் கத்தினேன். அவர் சிலிப்பை என் மேசையில் நீவி வைத்தார். "நீ போட்ட நம்பர்ல எல்லாம் நின்னேன் தங்கச்சி. ஒண்ணைக்கூட விடல. ஆளுங்கதான் அங்க இல்ல."

விழுந்திருந்தா?

மறுநாள் ஷிப்ட் முடிந்து ஒரு கூட்டமே ஆபீசுக்கு வந்தது. பஸ் ஏற்றாமல் போனதற்குத்தான் சண்டை என்று நினைத்து மன்னிப்புக் கேட்க எழுந்தேன். அதைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. முன்னால் நின்ற அண்ணன் பழைய 1270. ஒன்பது வருஷமாக லாட்டரியில் 1270-தான் எழுதுகிறாராம். நான் அவரை 1370 ஆக்கிவிட்டேனாம். இனி எதை எழுதுவது? பழையதை எழுதினால் அது வேறொருத்தர் ஸ்டாப். புதியதை எழுதினால் ஒன்பது வருஷம் வீண்.

பின்னால் நின்றவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். அங்கிளும் தலையாட்டினார், அவருக்கும் ஒரு நம்பர் இருக்கிறது போல. பழைய கேசட்டைப் போட்டுவிட்டு, இனிமேல் ஸ்டாப் நம்பரைத் தொடக் கூடாது என்று அங்கேயே தீர்ப்புச் சொன்னார். மாசக் கடைசிக்கு ஆறே நாள். எனக்கு எரிச்சல் தலைக்கேறி, "அண்ணே, நேத்து சீட்டுல 1270 விழுந்துச்சா?" என்று கேட்டேன். "விழல லா. ஆனா விழுந்திருந்தா?"

3A

மன்னிப்பை போனில் கேட்பது எனக்குப் பிடிக்காது. நேரில் கேட்டால் சீக்கிரம் முடிந்துவிடும். சாயங்காலம் விமலா அக்கா வீட்டுக்குப் போனேன். அவரே கீழே வந்து அழைத்துப் போனார். லிஃப்டில் 1, 2, 3, 3A, 5. அக்கா 3A-வை அழுத்தினார். நாலு என்றால் சாவு என்று சீனர்கள் வாங்க மாட்டார்கள், அதனால் கட்டுகிறவர்கள் நாலாம் மாடிக்கு 3A என்று பேர் வைத்துவிடுவார்கள்; ஜொகூரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். நானும் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அன்றைக்குத்தான் முறைத்துப் பார்த்தேன்.

"அக்கா, இந்த லிஃப்டுக்கு எப்படித் தெரியும் 3A எங்க இருக்குன்னு?" என்றேன். அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலா என்று. பிறகு சிரித்துவிட்டுச் சொன்னார்: "அதுக்கு இது நாலாவது மாடிதான் தங்கச்சி. நமக்குத்தான் 3A."

டாலர் குறி

உள்ளே போய் உட்காரக்கூட இல்லை. மன்னிப்பை வாசலிலேயே கேட்டுவிட்டு ஓடினேன். வரி நம்பர் மெஷினுக்கு. வரிக்குள் எழுதியிருக்கிற ஸ்டாப் நம்பர் மனுஷர்களுக்கு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மெஷின் கேட்கவே இல்லை. கேட்டது அங்கிளின் பழக்கம். மறுநாள் என் புது கேசட்டைப் போட்டேன். வரி நம்பர்கள் எல்லாம் பத்து பத்தாகவே இருக்கட்டும். உள்ளே மட்டும் பழைய ஸ்டாப் நம்பர்களைத் திரும்ப எழுதினேன். வரி 1300-க்குள் 1246. வரி 1320-க்குள் 1247. நடுவில் வரி 1310; அதற்குள் 1246A.

ஓடவிட்டேன். பிழை. அந்த இடத்தில் மெஷின் வெறும் எண்ணைத்தான் எதிர்பார்க்கிறது, A-வைக் கண்டதும் முரண்டு பிடித்தது. எழுத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றால், புரோகிராமில் ஸ்டாப் நம்பருக்கு வைத்திருக்கிற பேருக்குப் பின்னால் ஒரு டாலர் குறி போட வேண்டும், அந்தப் பேர் வருகிற இடமெல்லாம். ஆறு இடம். ஐந்தை ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்தேன். ஆறாவதற்கு மத்தியானம் முழுக்கப் போனது.

அங்கிள் என் பின்னாலேயே நின்று, இரண்டும் வேறு வேறாக இருந்தால் தான் எப்படித் தேடுவது என்று முனகிக்கொண்டிருந்தார். எந்த ஸ்டாப் எந்த வரி என்று ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பிரின்டர் கரகரவென்று அடித்தது: 1246, 1246A, 1247. அதற்குப் பின்னால் 1248, 1249, 1250, 1260, 1270. எல்லாரும் அவரவர் இடத்தில். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். "அடப்பாவமே, இத்தனை வருஷமா ரெண்டும் ஒண்ணுன்னே நெனச்சுட்டேன்மா."

வாசல்

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. நம்பிக்கை வராமல் நானே விடியற்காலையில் போய் அபார்ட்மெண்ட் வாசலில் அக்கா பக்கத்தில் நின்றேன். இந்த முறை நோட்டீஸ் ஒட்டவில்லை. முந்தின நாள் மணியம் அண்ணனை அழைத்து வந்து, அங்கிள் நட்ட புது போஸ்ட்டைக் கையால் தொடவைத்தேன். மஞ்சள் பெயிண்ட் இன்னும் காயவில்லை, அவர் விரலில் ஒட்டியது. சரி, நம்புவார் என்று நினைத்தேன்.

லாரிகளுக்கு நடுவில் பஸ் வந்தது. நின்றது. மணியம் அண்ணன் சிலிப்பைப் பார்த்தார், போஸ்ட்டைப் பார்த்தார், திரும்ப சிலிப்பைப் பார்த்தார், கதவைத் திறந்தார். உள்ளே இருந்தவர்கள் கைதட்டினார்கள், 1244 பாக்சிக் ஜன்னல் வழியாகக் கட்டை விரலைக் காட்டினார். நான் குதித்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரோட்டோரத்தில் நின்று குதித்தேன். அக்கா ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டு ஏறினார். இரண்டாம் படியில் நின்று போஸ்ட்டைத் திரும்பிப் பார்த்தார். முகம் மாறியது. "ஏய் தங்கச்சி, எல்லாரும் அவங்க ஸ்டாப்ப லாட்டரியில எழுதுறாங்க. எனக்கு A போட்டு வச்சிருக்கியே, நான் எதை எழுதுறது?"

ஆகவே, பழைய மெஷினோடு மாரடிக்கிற சொந்தக்காரர்களே, எதை எழுதினாலும் பத்து பத்தாக இடம் விட்டு எழுதுங்கள், ஏனென்றால் யாராவது ஒருத்தர் நடுவில் வீடு மாறி வந்தே தீருவார், வந்ததும் குறையும் சொல்வார்.